நடத்தை: திருப்திகரம்

பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்போது கொடுக்கிற மாற்றுச் சான்றிதழை எல்லோரும் கையில் வாங்கியிருப்பீர்கள். டி.சி. என்றால்தான் எங்கள் பக்கம் விளங்கும். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, எந்தச் சாதிப் பிரிவு, உடம்பில் மச்சம் தழும்பு எங்கே இருக்கிறது என்று வரிசையாக வந்து, கீழே 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எழுதுகிறவர் யோசிப்பதில்லை, வாங்குகிறவர் படிப்பதுமில்லை.

என்னுடையதில் 'திருப்திகரம்' என்று இருக்கிறது. 1991இல் எழுதியது. கேட்க நல்ல வார்த்தை மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் நன்று என்று எழுதுகிற இடத்தில் ஒருத்தனுக்கு மட்டும் திருப்திகரம் என்று எழுதினால் என்ன அர்த்தம் என்று அடுத்த பள்ளிக்கூடத்து எழுத்தருக்குத் தெரியும். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாதி வரியைப் பார்த்தார். "அங்க என்னமோ பண்ணியிருக்கான்" என்றார். சீட் இல்லை.

என்ன பண்ணினேன் என்று சொல்லிவிடுகிறேன். அவினாசிப் பக்கம் ஒரு ஊர். எங்கள் மாதாரி வளவிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் ஐந்து பேர் போனோம். மைதானம் கூட்டுவது, மூத்திரக் கொட்டாயைக் கழுவுவது எங்கள் வேலை. தண்ணீர் எடுத்துவந்து பானையில் ஊற்றுகிற வேலை மட்டும் எங்களுக்குக் கிடையாது. பானையைத் தொட்டுவிடுவோமே. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு நீதிபோதனை. வாத்தியார் கதை சொல்லுவார், நன்றாகத்தான் சொல்லுவார். உண்மை பேசின பையன், தாய் தகப்பன் சொல்லைத் தட்டாத பையன், பெரியவர்களுக்கு அடங்கின பையன் என்று வாரம் ஒரு பையன் வருவான். அதே பீரியடில்தான் எங்களைக் கொட்டாய் கழுவ அனுப்புவார்கள். பாடம் இல்லாத பீரியடு, அதனால் எங்களுக்கு நட்டமில்லை என்பது அவர்கள் கணக்கு. ஜன்னலுக்கு வெளியே வாளியோடு நின்று கதையைப் பாதி கேட்பேன். முடிவு என்ன ஆச்சு என்று மற்ற பையன்களிடம் கேட்டால் சொல்ல மாட்டான்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் எழுந்திருக்கவில்லை. "நானும் கதை கேக்கோணுங்க சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னது. பிரம்பு முறிகிற வரைக்கும் அடி விழுந்தது. மறுநாள் எங்கய்யனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் பண்ணையத்தில் இருந்தவர். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்குக் கீழேயே நின்றார். "சாமி, பையன் அறியாம பண்ணிட்டானுங்க" என்று கும்பிட்டார். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. வருசக் கடைசியில் அந்த வார்த்தை டி.சி.யில் ஏறியது.

அன்று ராத்திரி எங்கய்யன் வீட்டுத் தெலுங்கில் என்னிடம் ஒன்று சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நான் பயந்துதான்டா கும்பிட்டேன். நீ தப்புப் பண்ணினேன்னு கும்பிடல." அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. முப்பது வருசத்துக்கு மேல் கழித்து, அதற்கு நேர்மாறான ஒன்றை நான் ஒரு பையனுக்குச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதைப்பற்றித்தான் எழுதுகிறேன்.

*

திருப்பூர் காதர்பேட்டை தெரியாதவர்களுக்கு: ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், சந்து சந்தாகப் பனியன் கடைகள். கேரளாவிலிருந்து வருவார்கள், வடக்கிலிருந்து வருவார்கள், மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் கழித்துவிட்ட செகண்ட்ஸ் சரக்கும் இங்கேதான் வந்து சேரும். ஓட்டை, கறை, கலர் வித்தியாசம், அளவு வித்தியாசம். பதின்மூன்று வயதில் நான் இந்தப் பக்கத்து ஒரு சின்னக் கம்பெனிக்குக் கைமடிக்க வந்தேன். டெய்லர் அடித்துத் தள்ளுகிற துணியை மடித்து மடித்துக் கொடுப்பது. காலை எட்டரைக்கு ஏறினால் ஒன்றரை ஷிப்டு முடிய ராத்திரி எட்டரை ஆகும். எனக்கு எழுத்து மறக்காமல் இருந்ததற்கு அங்கே ஒரு பேட்லாக் டெய்லர் காரணம். 1984 பஞ்சப்படி வேலைநிறுத்தத்தில் 127 நாளும் நின்றவர். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பேப்பரை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அவர் பிடித்துத் தள்ளித்தான் தனியாகப் பத்தாம் வகுப்பு எழுதினேன், பிறகு தபாலில் பட்டம். இப்போது ஒரு குடோனில் பில் போடுகிறேன். மாலையில் ஒரு கடையின் மாடியறையில் இருபது பிள்ளைகளுக்கு டியூசன். முக்கால்வாசி நம்ம பிள்ளைகள், நாலைந்து ஒடிசா, பீகார் பிள்ளைகள்.

அந்த இருபதில் ஒருவன் பத்தாம் வகுப்பு. போன அரையாண்டுத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால், வகுப்பில் பக்கத்துப் பையன் இவன் டிபன் பாக்ஸைக் காட்டிச் சாதியைச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னான். இவன் அறைந்துவிட்டான். விசாரணைக்கு வந்த வாத்தியாரிடம், "அவன் சொன்னப்ப நீங்களும் கிளாஸ்லதான் இருந்தீங்க சார், கேட்டுட்டுத்தான் இருந்தீங்க, ஏன் சும்மா இருந்தீங்க?" என்று கேட்டும்விட்டான். அறைந்ததை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பையன்கள் சண்டை என்று போயிருக்கும். கேள்விதான் குற்றமாகிவிட்டது. ஆசிரியரிடம் முறைகேடாக நடந்துகொண்டதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் டி.சி.யில் காரணத்தைக் குறித்து அனுப்பிவிடுவோம் என்றார்கள்.

இது வெறும் மிரட்டலும் இல்லை. ஆசிரியர்களிடம் தவறாக நடக்கும் மாணவர்களை நிரந்தரமாக நீக்குவோம், மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் காரணம் குறிப்பிடப்படும் என்று 2022 மே மாதம் பள்ளிக் கல்வி அமைச்சரே சட்டமன்றத்தில் சொன்னார். கட்டாயக் கல்விச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் பிள்ளையை வெளியே தள்ள முடியாது. பத்தாம் வகுப்பில் அந்தக் காப்பு இல்லை.

பையனின் அம்மா என்னிடம் வந்தது. பிசிறு வெட்டுகிற வேலை. "புகார் கிகார் எல்லாம் வேண்டாங்க சாரு. லைன் வீட்டு ஓனரும் அவிக ஆளுகதான். நீங்க சொன்னாக் கேப்பான், எழுதிக் குடுக்கச் சொல்லுங்க." வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பத்துக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அந்தம்மா கண்ணைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "பெரியவங்ககிட்ட அப்படிப் பேசக்கூடாது கண்ணு. எழுதிக் குடுத்துரு" என்றேன்.

எழுதச் சொன்னதில் எனக்கு இப்போதும் பெரிய வருத்தம் இல்லை. பத்தாம் வகுப்பு அவனுக்கு வேண்டும். முதல் வாக்கியம்தான் முள்ளாக நிற்கிறது. பெரியவங்ககிட்ட அப்படிப் பேசக்கூடாது. அதை எங்கிருந்து எடுத்தேன்? ஜன்னலுக்கு வெளியே வாளியோடு நின்று பாதி கேட்ட அந்தக் கதைகளிலிருந்து எடுத்திருக்கிறேன்.

*

ஒழுக்கம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். திருக்குறளில் ஒழுக்கமுடைமை என்று ஓர் அதிகாரம் உண்டு, பள்ளிக்கூடச் சுவரில் எழுதாத ஊர் கிடையாது. பரிமேலழகர் அந்த அதிகாரத்துக்குப் பொருள் சொல்லும்போது, அவரவர் வருணத்துக்கும் நிலைக்கும் எது விதிக்கப்பட்டதோ அதன்படி நடப்பதுதான் ஒழுக்கம் என்கிறார். எனக்குத் திருப்திகரம் எழுதிய தலைமையாசிரியர் பரிமேலழகரைப் படித்திருப்பாரா என்பது சந்தேகம். படிக்கவேண்டிய தேவையே இல்லை. அவர் பிறந்த ஊரில் மண்ணிலும் தண்ணீரிலும் அந்த உரைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கொட்டாய் கழுவுகிறவன் கழுவினால் ஒழுக்கம். கதை கேட்கிறேன் என்று உட்கார்ந்தால் ஒழுக்கக் கேடு.

வள்ளுவரைச் சொல்லவில்லை, உரையைச் சொல்கிறேன். குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் தன் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரை வீட்டில் பட்லராக வேலை பார்த்தவர் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதி வைத்திருக்கிறார். குறள்மீது நமக்கும் பாத்தியதை உண்டு. 2016இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 6 முதல் 12ஆம் வகுப்புவரை பாடமாக்கச் சொன்னது. பாடமாக்கட்டும். எந்த உரையோடு பாடம் நடக்கிறது, யார் வாயில் நடக்கிறது என்பதுதான் நம்முடைய கேள்வி.

ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் இரண்டு நன்னெறி வகுப்பு நடக்கிறது. ஒன்று கால அட்டவணையில் இருப்பது. இன்னொன்று நாள் முழுக்க நடப்பது. எங்கள் திருப்பூர் மாவட்டத்திலேயே, சேவூர் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் 2018 ஜூலையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அரசு உயர்நிலைப் பள்ளியில் சத்துணவு சமைக்க அதே ஊர் அருந்ததியர் பெண் ஒருவர் மாறுதலாகி வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று சாதி இந்துப் பெற்றோர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணைத்தான் வேறிடத்துக்கு மாற்றினார்கள். பிறகு போராட்டம் நடந்து, உத்தரவு ரத்தாகி, வழக்கும் பதிவானது. அந்த நாட்களில் அந்தப் பள்ளியில் நன்னெறி பீரியடு நடந்ததா என்று யாருக்கு அக்கறை? ஆனால் ஒரு பாடம் பிள்ளைகள் அத்தனை பேர் மனதிலும் ஏறியிருக்கும். தாயும் தகப்பனும் நடத்தின பாடம். முதல் நாள் அதிகாரிகள் அதற்கு மார்க்கும் போட்டார்கள்.

அதேபோல ஈரோடு மாவட்டம் பெருந்துறைக்குப் பக்கம் பாலக்கரை. 2022 கடைசியில், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்த தலித் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்தது வெளியே வந்தது. ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்து, எப்படிக் கொசு கடித்தது என்று தாய் கேட்டபோதுதான் பிள்ளை வாயைத் திறந்திருக்கிறது. தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். என் வாளிக்கும் அந்தப் பிள்ளைகளின் பிளீச்சிங் பவுடருக்கும் நடுவே முப்பத்தொரு வருசம். அந்தப் பிள்ளைகள் ஏன் அவ்வளவு நாள் வீட்டில் சொல்லவில்லை என்று சிலர் கேட்டார்கள். டீச்சர் சொன்னதைச் செய்கிற பிள்ளை நல்ல பிள்ளை என்று நாம்தானே சொல்லி அனுப்புகிறோம்.

எங்கள் கம்பெனி செக்கிங் டேபிளில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பீஸில் ஓட்டை இருந்தால் செகண்ட்ஸில் போடுவார்கள். வரிசையாகப் பத்துப் பீஸில் ஒரே இடத்தில் ஓட்டை வந்தால் செக்கிங் அக்கா எழுந்துபோய், "ஊசியப் பாருங்கண்ணா" என்று சொல்லும். மிஷினை நிறுத்தி ஊசியை மாற்றுவார்கள். ஒரே வளவுப் பிள்ளைகள் வரிசையாகத் திமிர் பிடித்தவர்கள், அடங்காதவர்கள், திருப்திகரம் என்று வந்துகொண்டிருந்தாலும் பள்ளிக்கூடத்தில் எழுந்துபோய்ப் பார்க்க ஆளில்லை.

*

இதற்கெல்லாம் மருந்தாக இப்போது நன்னெறியே வருகிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி ராத்திரி, 17 வயது தலித் மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. தொந்தரவு தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்து, பிறகு ஆசிரியரிடம் புகார் சொன்னதற்குக் கிடைத்த பதில் அது. அதையொட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும், ஒரு வட்டாரத்தில் ஆதிக்கமாக உள்ள சாதியாரையே அங்கே தலைமையாசிரியராகப் போடக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. 6 முதல் 12 வரை அறநெறி வகுப்பும் சொல்லப்பட்டிருக்கிறது. சாதி என்ற சொல்லை வாயில் வைத்துப் பேசுகிற அறநெறி வகுப்பு என்றால் அது நமக்கு வேண்டும். எதிர்த்துக் கூச்சல் போட்டவர்கள் யார் என்று பார்த்தாலே அறிக்கையின் தரம் விளங்கும்.

ஆனால் அந்த பீரியடு காலியாகக் கிடந்தால் யார் வந்து உட்காருவார்கள் என்பதையும் அதே வருசம் பார்த்தோம். 2024 ஆகஸ்ட் 28, சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. தன்னம்பிக்கைப் பேச்சு என்று சொல்லி மகாவிஷ்ணு என்பவர் வந்தார். அவருடைய பரம்பொருள் அறக்கட்டளை எங்கள் திருப்பூரிலிருந்துதான் நடந்தது. போன ஜென்மத்துப் பாவ புண்ணியப்படிதான் இந்தப் பிறவி, ஏழையாகவும் ஊனமாகவும் பிறப்பது அதனால்தான் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து நின்று கேள்வி கேட்டார். அவரையே எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டினார் பேச்சாளர். செப்டம்பர் 7ஆம் தேதி கைதானது பிறகு நடந்த கதை.

கைதோடு பலர் விசயத்தை முடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த ஆசிரியர் எழுந்து நின்றதுதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே இரண்டு அறம் மோதியது. முன்வினை என்பது ஏழையின் நிலைமைக்கு அரசும் சமூகமும் பொறுப்பில்லை என்று கைகழுவ உதவுகிற கோட்பாடு என்று 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் சொல்கிறார். பாவம் என்று சொல்லிவிட்டால் யார் செய்தது என்ற கேள்வி எழாது. தன்னம்பிக்கைப் பேச்சுகளில் பாதி, முன்வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'மனோபாவம்' என்று போட்டதுதான். நீ முன்னேறவில்லை என்றால் உன் மனதில் கோளாறு. அந்தப் பேச்சாளர் ஒருவர் கைதானார், மற்றவர்கள் ஆண்டுவிழாக்களில் சால்வை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் விதி வேறு, கோட்பாடு வேறு என்று பிரிக்கிறார். விதி என்பது இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்வது, சமையல் குறிப்பு மாதிரி. கோட்பாடு என்பது எது சரி என்று எடைபோட்டுப் பார்க்கிற வழி. விதிப்படி நடந்தவன் சரியாக நடந்திருக்கலாம், ஆனால் அந்தச் செயலுக்கு அவன் பொறுப்பாளி ஆவதில்லை. மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது. "வாத்தியார எதுத்துப் பேசாதே" என்பது விதி. "ஒருத்தனை அவமானப்படுத்தும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா" என்பது கோட்பாடு. எங்கள் பத்தாம் வகுப்புப் பையன் வாத்தியாரிடம் கேட்டது இரண்டாவதை. அந்தப் பள்ளியில் அந்த வருசம் நடந்த ஒரே நன்னெறி வகுப்பு அதுவாகத்தான் இருக்கும், நடத்தினவன் அவன். அதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேள் என்று நானும் சொன்னேன்.

*

நண்பர்கள் சிலர், நன்னெறி என்பதே பார்ப்பனியம், ஒழுக்கம் என்ற சொல்லையே தூக்கியெறிய வேண்டும் என்பார்கள். கூட்டத்தில் கேட்க நன்றாக இருக்கும், கைத்தட்டும் விழும். டியூசன் அறையில் அது ஓடாது. ஒடிசாப் பிள்ளை ஒன்று ஏழாம் வகுப்பு, தமிழை மழலையாகப் பேசும். அது 'வாழைப்பழம்' சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, "இந்திக்காரி" என்று சொல்லிச் சிரித்த கூட்டத்தில் முதல் ஆள் நம்ம பத்தாம் வகுப்புப் பையன்தான். கடிதம் எழுதிக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் இந்தியும் கிடையாது, ஒடியா.

"அது சும்மா கிண்டல்ங்கண்ணா" என்றான்.

"உன் டிபன் பாக்ஸக் காட்டிச் சொன்னவனும் கிண்டல்னுதானே சொன்னான்."

முகம் சுருங்கிப் போய்விட்டது. "அதுவும் இதுவும் ஒண்ணாங்கண்ணா?" என்று கேட்டான். ஒன்றில்லைதான். ஆயிரம் வருசத்து மலம் அந்த வார்த்தையில் இருக்கிறது, இதில் அவ்வளவு இல்லை. ஆனால் கேட்கிற பிள்ளையின் வயிற்றில் எது எவ்வளவு எரியும் என்று நானும் அவனும் எப்படி அளப்பது? இரண்டு நாள் என்னோடு அவன் பேசவில்லை. அந்தப் பிள்ளையும் ஒரு வாரம் வரவில்லை. அம்மாவுக்கு நைட் ஷிப்டு, தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று காரணம் சொன்னது. நம்பினேனா என்று கேட்காதீர்கள்.

ஆக, நம் பிள்ளைகளுக்கும் அறம் சொல்லித்தான் ஆக வேண்டும். பொம்பளைப் பிள்ளைகளிடம் நம்ம பையன்கள் நடந்துகொள்கிற விதம், பறையர் பையனும் அருந்ததியப் பையனும் ஒருத்தனை ஒருத்தன் எடைபோடுகிற விதம், இதையெல்லாம் வெளியே சொன்னால் அசிங்கம் என்று எத்தனை நாள் மூடி வைப்பது? அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. சேரியில் பிறந்தவர்கள் உயிரோடு இருக்கப் பழகின வித்தைகள் நூறு. துண்டைக் கக்கத்தில் வைப்பது, 'ஆமாங்க பண்ணாடி' என்பது, கூப்பிட்டால் காதில் விழாதது மாதிரிப் போவது, தெரியாதது மாதிரிச் சிரிப்பது. இவை தந்திரங்கள். ஆபத்துக்குப் பாவமில்லை, யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கேடு எங்கே வருகிறது என்றால், மேலே உட்கார்ந்திருப்பவன் அந்தத் தந்திரத்துக்குப் பணிவு என்று பெயர் வைத்து, குணம் என்று சான்றிதழ் கொடுக்கும்போது வருகிறது. பிள்ளைகள் அந்தச் சான்றிதழை நம்பிவிடுகிறார்கள். பயந்து குனிந்தவனுக்குப் பயம் போனால் நிமிர வழி இருக்கிறது. குனிவதுதான் நல்ல குணம் என்று நம்பினவன் என்ன செய்வான்? எதிரில் யாருமில்லாவிட்டாலும் அவன் குனிந்துதான் நிற்பான்.

எங்கய்யன் கையெழுத்துப் போடத் தெரியாதவர். அவர் அந்த இரண்டையும் பிரித்துச் சொன்னார். பயத்தைப் பயம் என்று சொன்னார், என்னைத் தப்பு என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் கைமடித்த பத்து வருசமும் நான் நிமிர்ந்து இருந்திருக்கிறேன் என்று இப்போது படுகிறது. தபாலில் பட்டம் வாங்கின நானோ, என் பயத்துக்கும் அந்தம்மாவின் பயத்துக்கும் அறம் என்று சட்டை மாட்டி அந்தப் பையன்மேல் போட்டேன். "எனக்குப் பயமாயிருக்கு கண்ணு, உங்கம்மாவுக்கு வீடு போயிரும், நீ கேட்டது சரிதான், ஆனாலும் எழுதிக் குடு" என்று சொல்லியிருக்கலாம். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, கடிதம் என்னவோ அதே கடிதம்தான் என்று ஒரு தோழர் சொன்னார். அப்படியா?

இப்போது பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு என்று இருக்கிறது, 2021இல் வந்தது. 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டி இருக்கிறது. 14417 என்று போன் நம்பர் சுவரில் எழுதியிருக்கிறது. இதெல்லாம் எங்கள் காலத்தில் கனவிலும் கிடையாது, கிடைத்ததை விடக்கூடாது. ஆனால் அந்தக் குழுவில் உட்காரப்போகிறவர்கள், ஆலோசகர்கள், நம் இயக்கத் தோழர்கள் உட்பட, பிள்ளைக்கு 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று சொல்லவேண்டிய நிலைமை வந்துகொண்டேதான் இருக்கும். சொல்லும்போது அது எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதை மறைக்காமல் சொல்வார்களா என்று பார்க்க வேண்டும். என்னால் முடியவில்லை.

பையன் கடிதத்தை என் மேசையில் உட்கார்ந்துதான் எழுதினான். முதல் கடிதம் ஒரு பக்கம் வந்தது. அறைந்தது தப்பு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று முதலில் எழுதியிருந்தான். பிறகு, அந்தப் பையன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, "நான் சாரிடம் கேட்டதில் எந்த வார்த்தை தப்பு என்று சொன்னால் அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று முடித்திருந்தான். நான் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அனுப்பினேன். மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல இரண்டு வரி எழுதி, அம்மா கைநாட்டு வைத்துக் கொடுத்தான். காரியம் முடிந்தது.

ஒரு மாதம் கழித்துக் கேட்டான். "நீங்க எழுதிக் குடுக்கலைன்னு சொன்னீங்கல்ல அண்ணா, அப்புறம் என்னை மட்டும் ஏன் எழுதச் சொன்னீங்க?"

எழுதாததால்தான் கைமடிக்கப் போனேன் என்று சொன்னேன். அது உண்மைதான். அவன் கேட்டதற்கு அது பதிலில்லை என்று அவனுக்கும் தெரியும். அப்புறம்தான் எங்கய்யன் சொன்னதைச் சொன்னேன், தெலுங்கிலேயே. அவர்கள் வீட்டிலும் தெலுங்குதான். கேட்டுவிட்டுக் கணக்கு நோட்டைத் திறந்து உட்கார்ந்துகொண்டான்.

வருகிற மே மாதம் டி.சி. வாங்க வேண்டும். நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முதல் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது, பில் ஃபைலுக்குள். "அத எனக்கே குடுத்துருங்கண்ணா" என்று போன வாரம் கேட்டான். எதற்கு என்று கேட்டால் சும்மாதான் என்கிறான். இன்னும் கொடுக்கவில்லை.